சுண்டலைப் பெண் பார்க்க வந்த கரடிகள்

ஒரு காட்டில், அதாவது நாலுவழிச் சாலை போட்டது போக மிச்சமிருந்த காட்டில், வேலம்மாள் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பொய் சொல்லவே தெரியாதவள். "நான் இளைச்சிருக்கேனா?" என்று கேட்ட யானைக்குக்கூட உள்ளதைச் சொன்னவள். அதிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குக் காட்டில் மறுபேச்சும் இல்லை.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஊர்க்காரர்கள் பூனைகளை விட்டுவிட்டுப் போவார்கள். வீடு மாற்றும்போது டிவியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொள்வார்கள், ஓட்டை வாளியைக்கூட விட மாட்டார்கள். பூனையை மட்டும் மறந்துவிடுவார்கள். மனிதர்களின் ஞாபகசக்தி அப்படி! மிருகங்கள் கூடி இதற்கென்று ஒரு சங்கம் வைத்தன. அதன் செயலாளர் ஒரு நாரை. எல்லோருக்கும் அவள் நாரை மேடம்.

மீட்ட பூனையை யாராவது தன் வீட்டில் வைத்துத் தேற்ற வேண்டும், தேறியதும் நல்ல குடும்பமாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. இருக்கிற பூனை போனால்தான் அதே வளைக்கு அடுத்தது வரும். ஒரே வயிற்றுக் குட்டிகள் எத்தனை இருந்தாலும் விதிப்படி அது ஒரு பூனை.

வேலம்மாளிடம் சுண்டல் என்ற பூனை வந்தபோது இரண்டு கண்ணும் பீளை ஒட்டி மூடியிருந்தன. காது நிறைய உண்ணி. யாராவது இருமினாலே அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடிவிடுவாள். வேலம்மாள் வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள், பூச்சி மருந்தைத் தயிரில் கலந்து வைத்தாள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சுண்டல் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூச்சம் தெளியட்டும் என்று முள்ளைச் சிலிர்த்து ஆட்டி, காலைத் தரையில் தட்டித் தாளமும் போட்டாள்.

பிரியமானவர்கள் இப்படித்தான் முதுகைத் திருப்பி, சிலிர்த்து, காலைத் தட்டுவார்கள் என்று சுண்டல் புரிந்துகொண்டாள். பாவம், அவள் பார்த்த ஒரே பிரியம் அதுதானே.

வேலம்மாளை அதுவரை யாரும் தொட்டதில்லை. அந்த முள் தலையிலிருந்து வாலைப் பார்த்துப் படிந்திருக்கிறது, அதன் போக்கிலேயே படுத்தால் குத்தாது என்பதைச் சுண்டல்தான் கண்டுபிடித்தாள். முதல்முறை அப்படி ஒட்டிப் படுத்தபோது வேலம்மாள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

சுண்டல் தேறிவிட்டாள். நாரை மேடம் அவளைப் போட்டோ எடுத்து, 'அன்பும் அடக்கமும் உள்ள பூனை, நல்ல இடம் தேவை' என்று காட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'அடக்கம் கிடையாது' என்று வேலம்மாள் அதற்குக் கீழேயே பதில் போட்டாள்.

இருந்தாலும் பெண் பார்க்க ஆள் வந்தது. முதலில் ஒரு முயல் குடும்பம். கேசரி, கிழங்கு பஜ்ஜி எல்லாம் தயார். சுண்டலும் மரியாதை தெரிந்தவளாக முதுகைத் திருப்பி, மயிரைச் சிலிர்த்து, காலைத் தட்டித் தட்டிப் பின்பக்கமாகவே நடந்து வந்து வரவேற்றாள். "போய் சொல்லி அனுப்புறோம்" என்று முயல்கள் ஓடிக்கொண்டே சொன்னார்கள்.

அடுத்து ஒரு குரங்கு, கையில் செல்போனோடு வந்தான்.

"வீடியோவுக்கு ஆடுவாளா?"

"ஆட மாட்டா. தூங்குவா. கோவம் வந்தா மெத்தையில மூத்திரம் போவா" என்றாள் வேலம்மாள்.

அவனும் போய் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நாரை மேடத்துக்குத் தலையே சுற்றியது. "வேலம்மா, மதகுக்குக் கீழே அட்டைப்பெட்டியில மூணு குட்டி கிடக்கு. மேகம் கட்டிடுச்சு. மழை வந்தா பெட்டியோட அடிச்சிட்டுப் போயிடும். சுண்டல் போனாத்தான் அதுங்களுக்கு இடம். ஒரே ஒரு பொய் சொல்லேன், வாய் வெந்தா போயிடும்?"

"வர மாட்டேங்குதே மேடம்" என்றாள் வேலம்மாள். அதுவும் உண்மைதான்.

மூன்றாவதாக ஒரு கரடித் தம்பதி வந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. ஈரம் ஏறாத பெரிய குகை. வாசலில் ஆறு, ஆறு நிறைய மீன். சுண்டல் முதுகைத் திருப்பிச் சிலிர்த்துக்கொண்டு வந்ததும் கரடியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ரோஷக்காரி!" என்றார். மெத்தை விஷயத்தை வேலம்மாள் மறைக்காமல் சொன்னாள். "எங்க வீட்டுல மெத்தையே கிடையாதுங்க" என்றாள் கரடியம்மா. "எங்களுக்குப் பிடிச்சிருக்கு சம்பந்தியம்மா. இன்னைக்கே கூட்டிட்டுப் போறோம்."

குறை சொல்ல முடியாத இடம். நாரை மேடம் ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு, "நான் போய் குட்டிங்களத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று பறந்துவிட்டாள்.

வேலம்மாள் சுண்டலின் தட்டைக் கழுவித் துடைத்துக் கட்டிக் கொடுத்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள் கரடியம்மா. "பொண்ணுக்குச் சாப்பாட்டுல எது உசிரு?"

கருவாடு. அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வேலம்மாள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து சுண்டல் வந்து, முள்ளின் போக்கிலேயே அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

"தேன்" என்றாள் வேலம்மாள்.

கரடியாரின் கையில் இருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"தேனா?"

"தேன்தாங்க. எந்தப் பரண்ல ஒளிச்சு வெச்சாலும் மோப்பம் பிடிச்சிடுவா. ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா. வீட்டுல தேன் கீன் வெச்சிருக்கீங்களா?"

கரடியார் மனைவியைப் பார்த்தார். மனைவி வாசலைப் பார்த்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பூனையாவது, தேனாவது என்று சிரித்திருப்பார்கள். சொன்னது வேலம்மாள் ஆயிற்றே!

"நாங்க போய் சொல்லி அனுப்புறோம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும்தான் வேலம்மாளுக்குக் குட்டிகளின் நினைப்பு வந்து பகீரென்றது. முதல் தூறல் விழுந்தது. அவள் வாசலுக்குப் பக்கத்திலேயே மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். வாழ்க்கையில் அப்படித் தோண்டியதில்லை. மண் பறந்தது, முள் இரண்டு உடைந்தது. நாரை மேடம் தொப்பலாக நனைந்து, பெட்டியை அலகில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அங்கே இரண்டு வாசல்கள் இருந்தன.

"சுண்டல் ஏன் இன்னும் இங்கயே இருக்கா? கரடிங்க என்ன சொன்னாங்க?"

"போய் சொல்லி அனுப்புறாங்களாம்."

நாரை மேடம் பெட்டியைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். "ஐயோ! அப்ப இதுங்கள எங்க வைக்கிறது?" அப்புறம்தான் இரண்டாவது வாசல் கண்ணில் பட்டது. "இது என்ன?"

"பக்கத்து வீடு மேடம். என் தங்கச்சி குடிவந்திருக்கா. குட்டிங்கள அவ பேர்ல எழுதிக்குங்க." முதல் பொய்தான் கஷ்டம். இரண்டாவது தானாகவே வந்தது.

"தங்கச்சி எங்க?"

"வெளியூர் போயிருக்கா. வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

வேலம்மாள் சொன்னால் மறுபேச்சு ஏது? நாரை மேடம் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பறந்தாள்.

புதிய வீட்டிலிருந்து பழைய வீட்டுக்கு உள்ளே ஒரு வழி இருந்தது. பெட்டியிலிருந்து இறங்கிய மூன்று குட்டிகளும் அதன் வழியாக ஓடி, நேரே அரிசிப் பானைக்குப் பின்னால் புகுந்துகொண்டன. வேலம்மாள் தட்டில் தயிர்ச்சோற்றை வைத்தாள். சுண்டல் பானைக்கு எதிரே போய் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். மயிரைச் சிலிர்த்தாள். காலைத் தட்டினாள்.

வேலம்மாளும் பக்கத்தில் போய் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் சோறு நக்கும் சத்தம் கேட்டது.

நீதி: எப்போதும் உண்மையே பேசிப் பழகுங்கள். என்றைக்காவது ஒரு பொய் சொல்ல வேண்டிவரும், அன்றைக்கு அது வீணாகப் போய்விடக் கூடாது.