கடைசி வரியில் ஐந்து எண்கள்

கண்ணை ஏமாற்ற முடியாது. ஆனால் கண் டாக்டரை ஏமாற்றலாம். செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, பல் துலக்கிக்கொண்டே, டெய்லர் இந்த முடிவுக்கு வந்தார்.

முந்தின நாள் நடந்த சம்பவம்தான் காரணம். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. வக்கீலின் கறுப்புக் கோட்டுக்கு ஐந்து பட்டனும் கட்டி முடித்து, வாசலோரம் இருந்த ஆணியில் அதை மாட்டியிருந்தாள் மனைவி. டெய்லர் சாப்பிட்டுவிட்டு முன்னறைக்கு வந்தார். ஆணிப் பக்கம் பார்த்தார். சிரித்தார்.

"வாங்க வக்கீல் சார். ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

கோட்டு உட்காரவில்லை.

"வேலை முடிஞ்சாச்சு சார். ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க."

மூலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் ஊசி நின்றது.

"என்னங்க, வக்கீல் இன்னும் கோட்டுக்குள்ள வரல."

டெய்லர் அசரவில்லை. அசந்தால் அவர் கெட்டிக்காரர் இல்லை.

"அது எனக்குத் தெரியாதா? வர்றவங்கள எப்படி வரவேற்கணும்னு ஒத்திகை பாத்தேன்."

"நாப்பத்திரண்டு வருஷமா கடைக்கு வந்த ஒருத்தரையும் நீங்க வாங்கன்னு கூப்பிட்டதில்ல. இப்ப ஒத்திகையா?"

"தொழில்ல முன்னேற வேணாமா?"

"முன்னேறுங்க. முன்னால முக்காலி இருக்கு, பாத்து."

முக்காலி இருந்தது. முழங்காலில் இடித்த பிறகு அவரும் ஒப்புக்கொண்டார்.

டெய்லருக்குத் தெருவில் 'டேப்' என்று பட்டப்பெயர். அளவு எடுத்தால் நோட்டில் எழுத மாட்டார். கழுத்து, மார்பு, கை, இடுப்பு எல்லாம் தலைக்குள் போய்விடும். முந்நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களின் அளவு அங்கே இருந்தது. அதில் ஒன்பது பேர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் அளவையும் அவர் விடவில்லை.

இரண்டு வருஷமாகக் கண்ணில் புகை படர்ந்திருந்தது. அதையும் எண்ணிக்கையால் சமாளித்தார். கட்டிலிலிருந்து மெஷினுக்குப் பதினேழு அடி. நூல் டப்பாவில் இடமிருந்து மூன்றாவது கறுப்பு, நான்காவது கருநீலம். முக்காலி மட்டும் கட்டுப்பாடில்லாமல் இடம் மாறும்.

எண்ணிக்கைக்கு அடங்காத வேலை ஒன்று இருந்தது, ஊசியில் நூல் கோப்பது. அதற்கும் ஏதோ ஒரு வழி பிறந்திருந்தது. மாலையில் அவர் பன்னிரண்டு வெறும் ஊசிகளைப் பஞ்சில் குத்திவைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து தடவினால் பன்னிரண்டிலும் நூல் இருக்கும். எப்படி என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

கண்ணில் ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே அவர் பயந்து மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் வெட்டுகிறவர். வெட்டுப்படுகிறவர் அல்ல.

கோட்டுக்கு வரவேற்பு கொடுத்த அன்று மாலையே மனைவி ஒரு சீட்டோடு வந்து நின்றாள்.

"புதன்கிழமை பத்து மணி. கண் ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்துட்டேன்."

"எனக்கெதுக்கு? என் கண்ணு கழுகுக் கண்ணு."

"கழுகுதான் முக்காலியில இடிச்சுதா?"

"சரி, ஒரு ஒப்பந்தம். டாக்டர் பாத்துட்டு, கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா?"

"அதுக்கப்புறம் ஆபரேஷன்கிற வார்த்தை என் வாயில வராது. நல்லா இல்லன்னு சொன்னா?"

"அப்பப் பாக்கலாம்."

"பாக்க முடியலங்கிறதுதானே இங்க தகராறே! செஞ்சுக்கறேன்னு சொல்லுங்க."

"செஞ்சுக்கறேன்."

சொல்லிவிட்டார். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மறுநாள் பல் துலக்கும்போது பிறந்த திட்டம் இதுதான். பக்கத்து லாண்டரிக்காரர் ஏற்கெனவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். அங்கே சுவரில் ஒரு விளக்குப் பலகை, அதில் ஐந்து வரி எண்கள், மேலே பெரிசு, கீழே போகப்போகப் பொடிசு, சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். மனைவியை முதலில் அனுப்ப வேண்டியது. வெளியே உட்கார்ந்து கேட்க வேண்டியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவு தங்கிய தலையில் பதினைந்து எண் தங்காதா?

புதன்கிழமை பதினொரு படி ஏறி இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெயரைக் கூப்பிட்டதும் டெய்லர் குழைந்தார்.

"நீ முதல்ல போம்மா."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த வாசலிலும் அவள் முதலில் நுழைந்ததில்லை. பார்த்தாள், தலையாட்டினாள், உள்ளே போனாள்.

டெய்லர் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். திரையின் ஓரம் கோணலாக மடித்துத் தைக்கப்பட்டிருந்ததைக் கை தடவித் தெரிந்துகொண்டார். உள்ளே சற்று நேரம் பேச்சில்லை. ஏதோ காகிதம் சரசரத்தது. பிறகு மனைவியின் குரல் வந்தது. வீட்டில் அடுப்பங்கரையைத் தாண்டாத குரல், இன்று கீழே பதினொரு படியும் இறங்கித் தெருவுக்கே போயிருக்கும். நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தார் டெய்லர்.

"ஆறு!"

முதல் வரி. அது அவருக்கே தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

"எட்டு, மூணு! ரெண்டு, அஞ்சு, ஒன்பது!"

வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு, ஏழு, எட்டு, ரெண்டு!"

பதினேழு, ரொட்டிக் கடைக்காரரின் கழுத்துச் சுற்று. எண்பத்திரண்டு, தபால்காரர் வீட்டு ஜன்னல் திரையின் நீளம். உள்ளே வைத்துப் பூட்டினார்.

"ரெண்டு, மூணு, ஒன்பது, ஏழு, ஒன்பது!"

இருபத்துமூன்று, பஸ் கண்டக்டரின் கை நீளம். ஒன்பது, அதே கையின் மணிக்கட்டுப் பட்டி. எழுபத்தொன்பது, பள்ளிக்கூடத்து வாசல் திரை. ஆக, கண்டக்டர் கையை நீட்டிப் பள்ளிக்கூடத் திரையை விலக்குகிறார். இனி இது சாகும்வரை மறக்காது.

மனைவி வெளியே வந்தாள். அவர் உள்ளே போனார். டாக்டர், டெய்லருக்கு மகள் வயதுப் பெண். பலகை அவருக்கு ஒரு வெள்ளை மேகமாகத் தெரிந்தது. மேகத்தின் அடியில் ஏதோ எறும்புகள்.

"மேலேர்ந்து படிங்க ஐயா."

படித்தார். ஆறு. எட்டு, மூணு. கடகடவென்று நாலாவது வரி வரைக்கும் இறங்கினார். கடைசி வரியில் வேகத்தைக் குறைத்து, புருவத்தைச் சுருக்கி, கழுத்தை நீட்டினார். நடிப்பு என்றால் அதில் ஒரு நயம் வேண்டாமா?

"ரெண்டு... மூணு... அது ஒன்பதா? ஆமா, ஒன்பதுதான். ஏழு... ஒன்பது."

டாக்டர் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு ஞாபக சக்தி பிரமாதம்."

"எல்லாரும் சொல்றதுதான்மா."

"நான் கண்ணைக் காட்டச் சொன்னேன். நீங்க காதைக் காட்டிட்டீங்க."

"புரியலையே."

"நாலாவது வரியில நாலும் தப்பு. அஞ்சாவதுல அஞ்சும் தப்பு."

"அப்ப அவ படிச்சது..." என்று சொல்லிவிட்டு டெய்லர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்துவதற்குள் பாதி வாக்கியம் வெளியே போயிருந்தது.

டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். டாக்டரே படித்துக் காட்டினாள்: "'சரியான எண் எல்லாம் இதுல எழுதியிருக்கேன் டாக்டரம்மா. வாயால வேற எண் படிக்கப் போறேன். வெளியில ஒருத்தர் மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கார்.'"

டெய்லர் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். ஆறாவது படியில் நின்றார்.

"டாக்டர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே."

"மானம் உங்க பையிலதான் இருக்கு. கண்ணுதான் போய்க்கிட்டிருக்கு."

"நான் எவ்வளவு யோசிச்சு ஒரு திட்டம் போட்டேன் தெரியுமா?"

"உங்க கெட்டிக்காரத்தனத்துல எனக்கு எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா? அதை நம்பித்தானே தப்பா படிச்சேன். வேற ஆளா இருந்தா பாதிய மறந்து தப்பிச்சிருப்பாரு."

டெய்லருக்கு இதில் பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அந்தக் கடைசி வரியச் சேத்துச் சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"இருபத்திமூணு, ஒன்பது, எழுபத்தொன்பது. கண்டக்டர் கை."

"தேதி மாதிரிச் சொல்லுங்க."

"இருபத்திமூணு... ஒன்பதாம் மாசம்... எழுபத்தொன்பது..." அவர் நிறுத்தினார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கல்யாண நாளுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவரையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தினம் காலையில பன்னிரண்டு ஊசி கோக்கிறது யாருன்னு நெனச்சீங்க?"

"தெரியும்" என்றார் மெதுவாக. "தெரியாத மாதிரி இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா எனக்கும் வயசாகுது. எனக்கும் கண்ணு மங்கிப்போனா யாரு யாருக்குக் கோக்கிறது?"

டெய்லர் கீழே மிச்சமிருந்த ஐந்து படிகளைப் பார்த்தார். அவை ஒரே வழுவழுப்பான சரிவாகத்தான் அவருக்குத் தெரிந்தன.

"வலிக்குமா?"

"டாக்டர் வலிக்காதுன்னு சொன்னா."

"நீ கூட இருப்பியா?"

"திரைக்கு வெளியில பெஞ்சுல இருப்பேன். ஒட்டுக்கேட்டுக்கிட்டு."

அடுத்த மாதம் ஒரு கண், மூன்று வாரம் கழித்து இன்னொரு கண். வலிக்கவில்லை. கட்டைப் பிரித்ததும் டெய்லர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை. நெற்றியோரம் நரை கூடியிருந்தது. எப்போது கூடியது என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணப் பார்த்தார். நாற்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. இம்முறை விடுவதாக இல்லை டெய்லர். பத்து நாளுக்கு முன்பே அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துவிட்டார். வெட்ட உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அளவு தலையில் இருந்தது. அவள் அளவு இல்லை. அவளுடையதை அவளே தைத்துக்கொள்வாள். கொடியிலிருந்து பழைய ரவிக்கை ஒன்றைத் திருடி, அளந்து, அவள் கடைத்தெருவுக்குப் போகும் நேரங்களில் மட்டும் தைத்து முடித்தார்.

அன்று காலை ஐந்தரைக்கே எழுந்து, பன்னிரண்டு ஊசியிலும் தானே நூல் கோத்துப் பஞ்சில் குத்தினார். ரவிக்கையை மடித்து முக்காலிமேல் வைத்தார். மனைவி வந்தாள்.

"என்னங்க இதெல்லாம்?"

"தேதி இருபத்திமூணு. மாசம் ஒன்பது" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அவள் கண் கலங்கியதை டெய்லர் தன் இரண்டு புதிய கண்களாலும் தெளிவாகப் பார்த்தார்.

"பன்னிரண்டும் நீங்களேவா?"

"வேற யாரு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. நாளைக்குக் கட்டாயம் போட்டுக்கறேன்."

"நாளைக்கா? கல்யாண நாள் இன்னைக்குத்தானே?"

அவள் அவரைப் பிடித்து மெல்ல முக்காலியில் உட்காரவைத்தாள்.

"இருபத்திநாலுங்க."

"அன்னைக்குப் படியில நின்னு சொன்னியே!"

"நீங்க ஏற்கெனவே வாடிப்போயிருந்தீங்க. ஒரே நாள்ல ரெண்டு அடி வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் இருபத்திமூணுன்னு படிச்ச?"

"நிஜத் தேதியப் படிச்சா, திரைக்கு அந்தப் பக்கம் கேட்டதுமே கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயந்து ஒரு நாள் கொறச்சேன்" என்றாள், ரவிக்கையைப் பத்திரமாக மடித்துக்கொண்டே. "உங்கள அவ்வளவு கெட்டிக்காரர்னு நெனச்சுட்டேன்."