நாற்பத்தொரு மாம்பிஞ்சும் என் கையெழுத்தும்

மரம் விழுந்தபோது வீட்டிலிருந்தவர்கள் அம்மா, தங்கை செல்வி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர்: சொந்த ஊரான ஹனூரில் மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, மரத்தை வெட்டச் சொன்ன லேண்ட்ஸ்கேப்பர், அதாவது தோட்டம் போடும் கான்ட்ராக்டர்.

மைசூரில் இடம் வாங்கிய வருடமே அப்பா அதில் ஒரு மாங்கன்று வைத்தார். வீடு கட்டும்போது அதற்காகக் காம்பவுண்டுச் சுவரையே இரண்டடி தள்ளிப் போட வைத்தார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். முதலில் மரம், அப்புறம்தான் நாங்கள். மரம் விழுந்த வருடம்தான் முதல் காய்ப்பு. நாற்பத்தொரு பிஞ்சு. எண்ணி வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பேங்க் பாரம், பட்டா, மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். தோட்டம் போட ஆள் பிடிக்கும் வேலையும் வந்தது. (விவசாயி வீட்டுக்கு அதற்கு வெளியாள் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆபீஸில் எல்லார் வீட்டிலும் புல்வெளி இருந்தது.)

லேண்ட்ஸ்கேப்பர் ஆறு பக்க இங்கிலீஷ் அக்ரிமெண்டை நீட்டி, "படிச்சுப் பாருங்க சார்" என்றார். எனக்கு இங்கிலீஷை உதடு அசைக்காமல் படிக்க வராது. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் முன்னால் உதட்டை அசைப்பதா? "எல்லாம் வழக்கமா போடறதுதானே" என்று அலட்சியமாகச் சொல்லி, ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அன்றைய என்னை இன்று எதிரில் பார்த்தால் அறைந்துவிடுவேன்.

வேலையாட்கள் வந்தார்கள்.

"ஏன் சாமி, மரத்துல கயித்தக் கட்டறாங்களே, எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"சுத்தி மேடை கட்ட அளக்கறாங்கம்மா. அவங்க படிச்சவங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மிஷின் ரம்பம் உறுமியது. செல்வி கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மரம் படுத்துவிட்டது.

போனில் லேண்ட்ஸ்கேப்பர் பதறவே இல்லை.

"நாலாம் பக்கம் பாருங்க சார். இருக்கற மரம் செடியெல்லாம் க்ளியர் பண்ணுவோம்னு போட்டிருக்கு. நீங்கதானே சைன் பண்ணீங்க?"

"காய்ச்ச மரங்க அது."

"புல்லுக்கு நிழல் ஆகாது சார்."

புல்லுக்கு நிழல் ஆகாதாம். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை புல் வருகிறது, கேட்டைத் திறந்து வையுங்கள் என்றார். பாதியில் நிறுத்தினாலும் முழுப் பணம் தர வேண்டும் என்பது ஐந்தாம் பக்கம்.

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவர் சொல்வார் என்று இன்னொருவர் இருந்துவிட்டோம். சனிக்கிழமை வந்து நின்றார், பழம் பழுக்க வைக்க ஒரு கட்டு வைக்கோலோடு. (காய் பறிக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது.)

"மரம் எங்கடா?"

"அக்ரிமெண்ட்ல போட்டிருந்துச்சுப்பா."

"நீ படிச்சியா?"

நான் வைக்கோல் கட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் கைநாட்டு. நான் ஏமாந்தா ஞாயம். உன்னைய எதுக்குடா பதினாறு வருசம் படிக்க வெச்சேன்?"

நான்காம் நாள் கேஸ் சிலிண்டர்காரர் என்னிடம் ரசீதை நீட்டியபோது அப்பா குறுக்கே வந்தார்: "எங்க கையெழுத்துப் போடோணும்னு மட்டும் அவனுக்குக் காட்டுங்க. என்ன எழுதியிருக்குதுன்னு கேட்றாதீங்க."

இன்றுவரை எந்தக் காகிதம் வந்தாலும் வீட்டில் இதே வசனம்தான். செல்வி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னார். அவர்களும் இப்போது சொல்கிறார்கள்.

புல், செடி, வரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய் ஆனது. அதில் எங்கள் மரத்தை வெட்டியதற்கு எங்களிடமே வாங்கிய கூலி நாலாயிரத்து ஐந்நூறு.