வெதுவெதுப்புக் கமிட்டி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன்பின் நெடுங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தான். என் அத்தான் தம் கணினியில் அறுநூற்றுப் பதினான்காவது செருகியை ஏற்றிய அன்றுதான் நாகரிகம் மறுபடியும் நகர ஆரம்பித்தது. அவருடைய மைத்துனன் என்பதற்காக நான் இதைச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. எனக்குச் சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செருகி, அதாவது பிளகின் என்பது, பதிவான பாட்டின் மேல் பூசுகிற மென்பொருள். ஒன்று குரலை அமுக்கும், ஒன்று நீட்டும், ஒன்று குகைக்குள் பாடியதுபோல் எதிரொலிக்க வைக்கும். பழைய நூல்களில் யாராவது நடுவில் நாலு வரி சேர்த்துவிட்டால் பண்டிதர்கள் 'இடைச்செருகல்' என்று சண்டைக்கு வருவார்கள். எங்கள் துறையில் அதற்குப் பெயர் 'தயாரிப்பு'.

அத்தானின் காது அபூர்வமானது. மயிரிழையை எட்டாகப் பிளந்து, அதில் ஒரு பங்கு சத்தம் கூடினாலும் புருவத்தைத் தூக்கிவிடுவார். ஆனால் சமையலறையிலிருந்து அக்கா, "ஏங்க, சாப்பாடு ஆறுது!" என்று நாலு தடவை கூப்பிடுவது மட்டும் அந்தக் காதுக்கு எட்டாது. எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பார்.

அக்கா பாடகி. பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் பாட்டுக்குப் பின்னால் நின்று 'ஆ... ஆ...' பாடியவள். ஓர் இசைக் கம்பெனி புதுக்குரல் தேடுவதாக அறிவிப்பு வந்ததும், பின்பக்க அறையில் நின்று ஒரு முழுப்பாட்டைப் பதினோரே நிமிடத்தில் பாடிக் கொடுத்துவிட்டாள். இந்த அலட்சியம் அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"பாடறது யார் வேணா பாடலாம். மிக்ஸிங்தான் பாட்டு" என்றார். குரலையும் வாத்தியங்களையும் கலந்து பக்குவப்படுத்தும் அந்த மிக்ஸிங்குக்கு இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டார்.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா, இனிமே நான் பாட்டுக்குன்னு வாயே தொறக்க மாட்டேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் பாட்டை அனுப்ப வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அத்தான் அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் அவர். செயலாளர், கீபோர்டு வாசிக்கும் நான். பொதுமக்கள் சார்பில் டிரம்ஸ்காரர். விவாதப் பொருள்: 'குரலில் வெதுவெதுப்பு போதாமை'. குரலின் இதத்துக்கு எங்கள் துறையில் அப்படித்தான் பெயர்.

அன்று காலை வாங்கிய அறுநூற்றுப் பதினான்காவது செருகி திரையில் திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு பெரிய திருகு. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகினார்.

"இப்ப?"

"சூடு ஏறுது அண்ணே" என்றார் டிரம்ஸ்காரர்.

"எவ்வளவு?"

"கொதிக்குது."

"அய்யோ, ஜாஸ்தி." கொஞ்சம் பின்னால் திருகினார். "இப்ப?"

"குளிக்கிற பதம்."

"மாப்ள, உனக்கு எப்படி?"

எனக்கு ஒரு இழவும் கேட்கவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆனால் அதை வெளியே சொல்லிவிட்டு இந்தத் தொழிலில் எப்படிக் காலம் தள்ளுவது? கண்ணை மூடிக்கொண்டேன்.

"நடுவுல பட்டு விரிச்ச மாதிரி இருக்கு அத்தான்."

"பட்டா, வெல்வெட்டா?"

"பட்டுதான். ஆனா கொஞ்சம் கனமான பட்டு."

அத்தான் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மணிக்கு, திருகை முப்பத்தேழில் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மூன்றே காலுக்கு டிரம்ஸ்காரர் முப்பத்தேழரை கேட்டார். மறுக்கப்பட்டதால் வெளிநடப்புச் செய்து, பாத்ரூம் போய்விட்டுத் திரும்பி வந்தார். முப்பத்தேழே காலில் சமரசம் ஏற்பட்டது.

மூன்று நாற்பதுக்கு அக்கா உள்ளே வந்தாள். "சாப்பாட்டை ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு. பாட்டை அனுப்பிட்டீங்களா இல்லையா?"

"வெதுவெதுப்பு கிட்டத்தட்ட வந்துருச்சு" என்றார் அத்தான்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, மத்ததெல்லாம் பச்சையா எரியுது. இது மட்டும் ஏன் சாம்பல் கலர்ல இருக்கு?"

மூவரும் திரையை நோக்கிக் குனிந்தோம். பைபாஸ் பட்டன் அழுத்தியே இருந்தது. அதாவது செருகி செருகப்பட்டிருந்ததே தவிர, காலையிலிருந்து வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரமும் நாற்பது நிமிடமும் நாங்கள் அணைந்த அடுப்பில் வெந்நீர் போட்டிருக்கிறோம்.

"யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றாள் அக்கா. டிரம்ஸ்காரர் தம் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அத்தான் அசரவில்லை. தலைவர் அல்லவா! "நல்ல பிளகின் ஆஃப்ல இருந்தாலும் வேலை செய்யும். சரி, இப்ப ஆன் பண்ணி முதல்லேருந்து பார்ப்போம்."

"நானும் முதல்லேருந்தேதான் பாக்கப்போறேன்" என்று அக்கா அவர் கையிலிருந்து மவுசைப் பிடுங்கினாள். ஒரே ஒரு தட்டு. அந்தப் பாட்டின் மேல் பூசியிருந்த நாற்பத்தொரு செருகிகளின் பச்சை விளக்குகளும் அணைந்தன. பாட்டை ஓட விட்டாள்.

இரண்டரை மாதமாக அமுக்கி வைத்திருந்த குரல் வெளியே வந்தது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கடைசி வரியில் லேசாகத் தழுதழுத்ததும் கேட்டது. பட்டு, வெல்வெட் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமில்லை.

டிரம்ஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே! இது எந்த பிளகின்? எங்க கிடைக்குது?"

"இதுக்குப் பேரு தொண்டை. கடையில கிடைக்காது" என்றாள் அக்கா.

அத்தான் ஆழ்ந்து யோசித்தார். "டெமோ வெர்ஷனாவது இருக்கா?"

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவளே பாட்டை அனுப்பினாள். இரண்டு வாரத்தில் தேர்வாகிவிட்டது. கம்பெனிக்காரர் போனில், "குரல் என்ன இயல்பா இருக்கு! இந்த மாதிரி மிக்ஸிங் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். அத்தான் தன்னடக்கத்தோடு ஒப்புக்கொண்டார். இசைத்தட்டின் அட்டையில் போட வேண்டிய பெயர்களை அனுப்பச் சொன்னதும், தம் கையாலேயே பட்டியல் எழுதினார்.

ஒலி வடிவமைப்பு, அவர். வெதுவெதுப்பு மேற்பார்வை, நான். வெப்பநிலை ஆலோசனை, டிரம்ஸ்காரர். அடுத்து நாற்பத்தொரு செருகிகளின் பெயர்கள், அகர வரிசையில். கடைசியாகப் பொடி எழுத்தில் ஒரு வரி: 'குரல் உதவி: மனைவி'.

செயலாளர் என்ற முறையில் நான் சரிபார்த்தேன். ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, திருத்தினேன்.

அக்கா அதைப் படித்தாள். தன் பெயரை மட்டும் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து காலையிலேயே ஒலிப்பதிவுக்குக் கிளம்பிப் போனாள்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, அத்தான் தாமாகவே ஹெட்போனைக் கழற்றினார்.

"மாப்ள, வீட்ல என்னமோ ஒரு சத்தம் குறையுதே?"

"ஆமா அண்ணே, சூடே இல்ல" என்றார் டிரம்ஸ்காரர்.

நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உண்மைதான். எங்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கமிட்டியின் ஆறு காதுகளும் நிஜமாகவே ஒரு வித்தியாசத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.