அப்பள நைனாவின் ஈரப் பரிசோதனை

பொரித்த அப்பளத்தைச் சாப்பிடாமல், காதருகே வைத்து உடைத்துக் கேட்ட மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில், மலைப்படிக்குப் போகும் தெருவில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். ஊருக்கே அவர் அப்பள நைனா.

எங்கள் பக்கத்தில் சாமி படத்துக் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். குப்பையிலும் போட முடியாது. அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். நைனா பின்னாலேயே போய் எடுத்து வந்துவிடுவார். அதுவும் கண்ணாடியின் பின்புறத்தில் கையால் தீட்டிய பழைய படம் என்றால் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடுவார். முப்பது வருஷத்தில் எண்பத்து மூன்று சேர்ந்தன. சென்னையிலிருந்து வந்த ஓர் ஓவிய வியாபாரி அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விலை கேட்டதும் நைனா அவரை மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

போன வருஷம் நைனாவுக்கு நுரையீரலில் புற்று. டாக்டர் ஆறு மாதம் என்றார். ஒரே மகள் வனஜா பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். உடைந்த சாமிகள் வாசற்படி தாண்டினால் தான் வெளியே போய்விடுவதாக அவள் மாமியார் சொல்லிவிட்டார். நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் வனஜா பயந்தவள். ஆகவே நைனா தனக்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டுப் படங்களுக்குக் கிடங்கு தேடக் கிளம்பினார். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. அது என் தலையெழுத்து.

அந்தப் படங்களுக்கு எமன் ஈரம்தான். ஈரம் பட்டால் வர்ணம் கண்ணாடியை விட்டு உரிந்துவிடும். அதனால் நைனா காலையில் பொரித்த அப்பளம் ஒன்றைக் கிடங்கில் வைத்துவிட்டு, மறுநாள் போய் உடைத்துப் பார்ப்பார். நொறுங்கினால் தேர்ச்சி. நமுத்திருந்தால் கிடங்குக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டரில் ஏறிவிடுவார்.

வங்கி லாக்கரில் அப்பளமே நுழையவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு சர்க்கரைக் கிடங்கில் மறுநாள் எறும்புகள்தான் எங்களை வரவேற்றன. அரக்கோணத்தில் தண்டவாளத்தை ஒட்டிய கிடங்கில் அப்பளம் மொறுமொறுவென்றுதான் இருந்தது, ஆனால் ரயில் போன அதிர்வில் அலமாரியிலிருந்து விழுந்து ஆறு துண்டாகியிருந்தது.

"அப்பளத்துக்கே இந்த கதின்னா முருகருக்கு இன்னா ஆவும்?" என்றார்.

கடைசியில் சென்னையில், ஓவியங்களுக்கென்றே கட்டிய காப்பகம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். இரட்டைப் பூட்டு, கேமரா, ஈரத்தை நாள் முழுக்க அளக்கும் மீட்டர். ஒரு மாடி ஏறுவதற்குள் நைனா நான்கு முறை உட்கார்ந்தார். அங்கே மேலாளராக இருந்த பெண், தின்பண்டம் உள்ளே போனால் பூச்சி வரும் என்று சொல்லி மீட்டரைக் காட்டினாள்.

"மீட்டரு உங்களுதும்மா. அப்பளம் என்னுது."

அவருக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்து அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு பூச்சி புகாத வலைக்கூண்டுக்குள் வைக்கச் சம்மதித்தாள். மறுநாள் அது நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நைனா அழுதுவிட்டார். கடையை விற்றுப் பத்து வருஷ வாடகையை முன்கூட்டியே கட்டினார். தனக்குப் பிறகு யார் வந்து திறக்கலாம் என்ற இடத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வனஜா பெயரோடு என் பெயரையும் எழுதினார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சரி.

"நான் எங்க போறேன்னு தெரில. அதுங்க எங்க போவுதுன்னு தெரியும். போதும்," என்று ஒருநாள் சொன்னார். படங்களை ஏற்றிப்போகக் காப்பகத்து வண்டி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டார்.

வண்டி சொன்ன நாளில் வந்தது. படங்களைத் துணியில் சுற்றி ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கடைசிப் படத்தை வனஜா கொடுக்கவில்லை. முகத்தின் குறுக்கே விரிசல் ஓடிய முருகன். மாமியாருக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டேன்.

"நைனா கூட இத்தினி வருசம் இருந்துகினு இருந்த சாமிங்க. எங்க வூட்டுக்கும் ஆவும்," என்றாள். படத்தைப் பிடித்த பிடி தளரவில்லை.

அவளைக் கேட்டு, ஏற்றியதில் ஒன்றை இறக்கி நானும் வைத்துக்கொண்டேன். மற்ற எண்பத்தொன்றும் சென்னையில் பத்திரமாக இருக்கின்றன. உடைந்த சாமி வீட்டுக்கு ஆகாது என்று பார்ப்பவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். மாதங்கள் ஓடிவிட்டன, எங்கள் வீட்டில் ஒரு குறையும் வரவில்லை. நைனா இல்லை என்பதுதான் குறை.