சூட்டண்ணையும் இறுகிய காந்தமும்

பேச்சாலேயே ஒரு மனிதரைப் பாயில் விழுத்தக்கூடியவர் இந்தத் தீவுப்பக்கம் முழுவதிலும் சூட்டண்ணை ஒருவர்தான். கரம்பொன்னில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறார். மேசை விசிறியைத் திருத்தக் கொண்டுபோனாலும் காந்தக் கதை கேட்டுத்தான் திரும்பவேண்டும்.

"தங்கச்சி, ஹார்ட் டிஸ்க்கிலை எழுதிறதெண்டா சின்னச் சின்னக் காந்தங்களைத் திருப்பிவிடுறது. நல்லா இறுகின காந்தம் லேசிலை திரும்பாது, கனக்கக் கரண்ட் வேணும். லேசராலை அந்தப் புள்ளியை மட்டும் ஒரு கணம் சூடாக்கினா, சின்னத் தட்டலே காணும், திரும்பிடும். ஆறினாப் பிறகு அப்பிடியே நிக்கும்!"

"ஓம் அண்ணை. என்ரை விசிறி?"

"அது நாளைக்கு."

மகளின் கலியாணம் நெருங்க நெருங்க எனக்கு ஒரே களைப்பு. வேலை ஒரு பக்கம், என் அண்ணன் மறுபக்கம். எங்கள் வளவுகளுக்கு நடுவில் வேலி அடைத்தபோது அரை முழம் தள்ளி அடைத்துவிட்டேன் என்று பேச்சை நிறுத்தியவர். தாய்மாமன் இல்லாமல் மணவறை ஏறமாட்டேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். ஐயர் போனார், சொந்தக்காரர் போனார்கள், அண்ணன் அசையவில்லை.

கடையில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன்.

"எல்லாரும் குளிரக் குளிரக் கதைச்சா மனுசன் எப்பிடித் திரும்பும்? சூடாக்கவேணும்!" சூட்டண்ணை சைக்கிளில் ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

அண்ணன் முற்றத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். சூட்டண்ணை வாசல் படலையில் நின்றே கத்தினார்:

"உம்மைக் கூப்பிட வரேல்லை காணும்! நீர் வரவேண்டாம். மாமன் இடத்திலை நான் நிக்கப்போறன்!"

அண்ணனின் காது சிவந்தது. "வயர் ஒட்டுற நீர் என்ரை மருமேளுக்கு மாமனோ?"

"அப்ப ஆர் நிக்கிறது?"

"நான்தான் நிப்பன்! நீர் அந்தக் கலியாண வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது!"

வாளித் தண்ணீர் முழுவதும் சூட்டண்ணையின் தலையில் வந்து விழுந்தது.

"ஆறவைக்கிறதையும் அவரே செய்திட்டார்," என்று முகத்தைத் துடைத்தபடி என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். "நன்றி கின்றி சொல்லப் போகாதை, தங்கச்சி. இப்ப தொட்டா எழுதினது அழிஞ்சிடும்."

கலியாணத்தன்று, சொன்ன சொல்லை மீறாமல் அண்ணன் வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மணவறையருகே நின்றார். அவர் போட்ட தடையை மீறாமல் சூட்டண்ணை வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார்.

சாப்பாடு கொண்டுபோனேன்.

"மாமன் நிண்டவரோ?"

"நிண்டவர், அண்ணை."

தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். ஒரு சொல் பேசவில்லை. அவர் பேசாமலிருப்பதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது.