தேவாங்கு ஐயா கொடுத்த தேவ செய்தி

ஒரு காட்டில், சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும், ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது. அதன் ஆலயப் போதகர் அருமைநாயகம் என்ற கொக்கு.

போன வருடம் ஆராதனை வாரத்துக்கு அவர் அழைத்துவந்த மயில் போதகர் தோகையை விரித்தார், மூடவேயில்லை. மத்தியானச் சோறு சாயங்காலம்தான் கிடைத்தது. பிரின்சிபால் கிருபாவதி யானையம்மா கொக்கைக் கூப்பிட்டார்.

“போதகரே, இந்த வருடமும் விருந்தினர் சொதப்பினால், நீர் குரங்கு ஹாஸ்டலுக்கு வார்டன்.”

முந்தைய வார்டன் ஒரு கரடி. ஒரே பருவம்தான் இருந்தார். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு முடி இல்லை.

மூன்று மலை தாண்டி ஒரு தேவாங்கு ஐயா இருந்தார். இராக்கூட்டங்களில் பேசிப் பேர் வாங்கியவர். கொக்கு உடனே கடிதம் போட்டார். பகலில் பேசுவீரா என்று கேட்கத்தான் மறந்துபோனார்.

காலை எட்டரைக்கு ஆராதனை தொடங்கியது. ஆரம்ப ஜெபத்துக்குத் தலை குனிந்த தேவாங்கு ஐயா நிமிரவேயில்லை. கொக்கு அலகால் மெல்ல இடித்துப் பார்த்தார். குறட்டை வந்தது.

அறிமுக உரைக்கு நின்ற பேராசிரியர் அணிலிடம் கொக்கு ஓடினார். “சார், ஐயா எழுந்திருக்கும்வரை இழுங்க.”

“எவ்வளவு இழுக்க? பயோடேட்டாவே ஒரு பக்கம்தான்.”

“அவருக்குக் கொள்ளுத்தாத்தா இருந்திருப்பார் இல்லையா? அங்கேயிருந்து ஆரம்பிங்க.”

அணில் ஏழு தலைமுறைக்கு இழுத்தார். பொன்னாடை போர்த்தினார்கள், அந்தக் கதகதப்பில் தூக்கம் இன்னும் நன்றாகப் பிடித்தது. தவளைப் பாடகர் குழுவை எட்டுச் சரணம் பாடவைத்தார் கொக்கு. குறட்டை வெளியே கேட்காமல் போனதுதான் மிச்சம்.

ஆராதனை முடியும் மணி அடித்துவிட்டது.

நன்றியுரைக் கிளி, முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தது. “ஐயா அவர்கள் அளித்த ஆழமான செய்தி நம் கல்நெஞ்சை உடைத்தது. குறிப்பாக அந்த மூன்றாவது கருத்து...”

கொக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டார். குரங்குகள் வரிசையில் நின்று தன் இறகைப் பிடுங்குவது தெரிந்தது.

ஆனால் சோறு நேரத்துக்குக் கிடைக்கும் என்ற சந்தோஷத்தில் கூடமே எழுந்து கைதட்டியது. பின்வரிசை மான் ஒன்று, “மூணாவது பாயிண்ட் என்னல?” என்றது.

பக்கத்து மான், “நீ தூங்கிட்டியா? எனக்கு அழுகையே வந்துட்டு!” என்றது.

கைதட்டலில் தேவாங்கு ஐயா விழித்தார். பெரிய கண்களை உருட்டிக் கூட்டத்தைப் பார்த்து, “ஆமென்” என்றார்.

யானையம்மா துதிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார். “போதகரே, நல்ல ஆளைக் கூட்டிவந்தீர்!”

கொக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“முப்பது வருஷத்தில் இப்படி ஒரு செய்தி நான் கேட்டதில்லை. இவரை விடவே கூடாது. நாளை முதல் இவர்தான் நம் ஆலயப் போதகர்.”

“அப்போ நான்?”

“அதான் வார்டன் இடம் காலியாகக் கிடக்கிறதே.”

நீதி: சிறப்பு விருந்தினரைக் கூப்பிடும்போது உன்னைவிட மட்டமாகப் பேசுகிறவரைப் பார்த்துக் கூப்பிடு. பேசாதவரை மட்டும் கூப்பிட்டுவிடாதே. அவரோடு போட்டிபோட ஒருத்தராலும் முடியாது.

இதைச் சொன்னது யாரென்று எவராவது கேட்டால் என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். யானையம்மா இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.