பதினோரு வாசலும் ஒரு ஜோடி ஷூவும்

அவித்த முட்டையின் தலையில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி கிளைவ் பாட்டம்லி சபதம் எடுத்தார். இந்த வருஷம் தோற்கப் போவதில்லை. பெஞ்சில் ஏறப் போவது அவருடைய பாட்டுதான். சபதத்தின் வேகத்தில் மஞ்சள் கரு சட்டையில் வழிந்தது. அதையெல்லாம் பார்த்தால் சபதம் எடுக்க முடியுமா?

பெஞ்ச் என்றால் சாதாரண பெஞ்ச் இல்லை. இங்கிலாந்தில் டட்லிக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரத்தில் இருக்கும் கார்ன்பிரிட்ஜ் என்ற அந்தச் சின்ன ஊரில்தான் 'டின் பிஷப்ஸ்' ராக் குழு பிறந்தது. ஆணிப் பட்டறை ஒன்றின் பின்பக்கம் நாலு பையன்கள் கிட்டாரும் டிரம்முமாகத் தெருவின் தூக்கத்தைக் கெடுத்தார்கள். பிறகு உலகத்தின் தூக்கத்தையே கெடுத்தார்கள். குழு கலைந்து நாற்பது வருஷம் ஆயிற்று. ஆனால் ரசிகர் சங்கம் கலையவில்லை. வருஷா வருஷம் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் 'வாத்தும் சங்கிலியும்' என்ற பப்பின் மாடியில் எல்லோரும் கூடி, எக்காலத்துக்கும் சிறந்த பாட்டு எது என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். எக்காலத்துக்கும் என்று முடிவு செய்ததை அடுத்த மே மாதம் மறுபடி முடிவு செய்வார்கள்.

இந்த வருஷம் அப்படி இல்லை. இதுதான் கடைசித் தேர்தல். ஜெயித்த பாட்டின் பெயரைப் பித்தளைத் தகட்டில் செதுக்கி, கால்வாய்க் கரையில் போடும் புது பெஞ்சில் பதிக்கப் போகிறார்கள். அந்த பெஞ்ச் கிளைவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே வருகிறது. சாகும்வரை பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கிளைவின் பாட்டு 'பனிக்கோட்டையின் பதினோரு வாசல்'. பத்தொன்பது நிமிஷம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். நடுவில் ஏழு நிமிஷத்துக்கு டிரம் மட்டும். பதினாறு வயதில் அதை நேரில் கேட்டு கிளைவ் அழுதார். அறுபத்தாறு வயதிலும் ஒன்பதாவது வாசல் வந்தால் கண் கலங்கிவிடும். உலகத்தில் இதைவிடப் பெரிய பாட்டு கிடையாது என்று அவர் மனசார நம்பினார். அந்தப் பாட்டு இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் இடத்தில் இருந்தது.

முதல் இடம் 'சனிக்கிழமை ஷூ'. இரண்டே முக்கால் நிமிஷம். ஒருவன் சனிக்கிழமை ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு டான்ஸ் ஆடப் போகிறான். அவ்வளவுதான் கதை. அது அவர் மனைவி லொரெய்னின் பாட்டு.

"ஷூவுக்கு பாலிஷ் போடுறதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார் கிளைவ், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா. வாசல் வாசலா ஏறி இறங்குறதுதான் பாட்டு. நாலாவது வாசல்ல நான் அடுப்புல ஆப்பிள் பை வச்சா, பத்தாவது வாசல்ல வெந்துடும்."

"அது ஒரு பயணம் லொரெய்ன்!"

"பயணம்னா நடுவுல எங்கயாவது கக்கூஸுக்கு நிறுத்துவாங்க கண்ணு. உன் டிரம்காரன் நிறுத்தவே மாட்டேங்கிறானே."

"அவன் கலைஞன்!"

"இருக்கட்டும். நாம முதல்ல ஆடினது எந்தப் பாட்டுக்கு?"

கிளைவ் சட்டைக் கறையை இன்னும் வேகமாகத் தேய்த்தார். தொழிற்சாலை கேன்டீன் டான்ஸில் அவர்கள் முதன்முதலாக ஆடியது 'சனிக்கிழமை ஷூ'வுக்குத்தான். ஆட்டத்தின் நடுவில் கிளைவின் ஒரு ஷூவுக்கு அடிப்பாகம் கழன்று பறந்து, சூப் பாத்திரத்தில் விழுந்தது. லொரெய்ன் அன்று சிரித்த சிரிப்பில்தான் கிளைவ் கவிழ்ந்தார். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

சங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். அதனால் பாட்டம்லி வீட்டின் கை எந்தப் பாட்டுக்கு என்று ஒவ்வொரு மே மாதமும் காசு சுண்டிப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷமும் லொரெய்ன்தான் ஜெயித்தாள். இருபத்திரண்டு வருஷமும் காசு சுண்டியவளும் அவள்தான் என்பது கிளைவுக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

சபதம் எடுத்தாயிற்று. வழி என்ன? டீக் கோப்பையைத் தூக்கினார். அடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. 'லாண்டட்னோ கடற்கரைக்கு ஒரு நாள் பஸ் சுற்றுலா.' தேதியைப் பார்த்தார். தேர்தல் நடக்கும் அதே சனிக்கிழமை! கிளைவுக்குப் புல்லரித்துவிட்டது. இதுவரை அவர் எதுவும் தானாக யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. இப்போது மூளை இரண்டாவது வாசலில் கிட்டார் பாய்கிற மாதிரிப் பாய்ந்தது. மனைவி வேல்ஸ் தேசத்துக் கடற்கரையில். வீட்டின் கை அவருடைய தோளில்.

அன்று சாயங்காலமே டிக்கெட்டை நீட்டினார்.

"என்னது இது? எனக்கா?" லொரெய்ன் நெஞ்சில் கை வைத்தாள்.

"உனக்கும் உன் தங்கச்சி கிளெண்டாவுக்கும். நீ ரொம்ப உழைக்கிற. பாவம்."

"கிளைவ்! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ இப்படி ஒண்ணு செஞ்சதே இல்லையே!"

"மனசு கேக்கல."

"ஐயோ, வர்ற சனிக்கிழமையா? அன்னிக்குத்தானே கூட்டம்?"

"அப்படியா?" என்று கிளைவ் கூரையைப் பார்த்தார். "அட, ஆமால்ல. நான் கவனிக்கவே இல்ல."

"பரவால்ல. பெஞ்சுல எது ஏறினா என்ன? நீ உன் இஷ்டத்துக்குக் கை தூக்கிக்கோ. உனக்கு அந்த மிட்டாய்க் குச்சி வாங்கிட்டு வரேன்."

லாண்டட்னோ மிட்டாய்க் குச்சி என்றால் கிளைவுக்கு உயிர். வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை, புதினா வாசனை. எங்கே கடித்தாலும் நடுவில் சிவப்பு எழுத்து தெரியும். அடிவரை கடித்துக்கொண்டே போனாலும் அதே எழுத்து. சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்போதே எழுத்தை உள்ளே வைத்து இழுப்பார்கள். கிளைவ் ஓய்வு பெற்றபோது பட்டறை நண்பர்கள் அவர் பெயர் போட்டே ஒரு குச்சி செய்து கொடுத்தார்கள். அப்படிச் சொந்த எழுத்து வேண்டுமானால் மூன்று வாரம் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். அந்தக் குச்சியை அவர் சாப்பிடாமல் கண்ணாடி அலமாரியில் வைக்க, எறும்பு சாப்பிட்டது.

அடுத்த நாலு நாளும் கிளைவ் ஓட்டு வேட்டை ஆடினார். ராய்ஸ்டனின் புல்வெளியை வெட்டிக் கொடுத்தார். மிசஸ் டன்டியின் பூனைக்கு மாத்திரை கொடுத்துக் கை முழுக்கக் கீறல் வாங்கினார். எதிர்வீட்டு ஹார்வியின் பேரக்குழந்தை ரெக்கார்டர் குழல் வாசிப்பதை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். ஏழு நிமிஷ டிரம்மைத் தாங்கிய காது, அதையும் தாங்கியது. வெள்ளிக்கிழமை கணக்குப் போட்டார். மொத்தம் முப்பத்தேழு வீட்டுக் கைகள். பத்தொன்பது அவர் பக்கம். அதாவது பதினெட்டும், அவருடைய கையும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் கிளம்பியது. லொரெய்ன் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். "கிளைவ், கூட்டத்துல குஷியா இரு! காசைப் பாக்காத! நான்தான் இல்லையே!" என்று கத்தினாள். எவ்வளவு நல்லவள் என்று கிளைவ் இரண்டு கையையும் ஆட்டினார். பஸ் திரும்பியதும் தெருவிலேயே பதினோராவது வாசலை விசிலடித்தார்.

மூன்று மணிக்கு பப்பின் மாடி நிரம்பியது. சங்கத் தலைவர் கெய்த் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. "நாலு மணிக்கு ஓட்டு. நாலுன்னா நாலு. அறைக்குள்ள இருக்கிற கைக்குத்தான் கணக்கு. படிக்கட்டுல இருக்கிற கை, கக்கூஸ்ல இருக்கிற கை எல்லாம் செல்லாது" என்று அறிவித்தார்.

கிளைவ் முதல் ஆளாக முன் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி மூன்று நாற்பது. அப்போது கீழே மணி அடித்தது. பப்பின் முதலாளியம்மா பாலீன், பாருக்கு மேலே தொங்கும் பித்தளை மணியை ஆட்டிவிட்டு மாடிப்படியில் தலையை நீட்டினாள்.

"எல்லாரும் கேளுங்கப்பா! இந்த ரவுண்டு கிளைவோடது! மாடி முழுக்க!"

மாடி ஆர்ப்பரித்தது. கிளைவ் எழுந்து, "பாலீன், நானா சொன்னேன்?" என்றார்.

"ஏன், இல்லையா?" பாலீன் இடுப்பில் கை வைத்தாள். "ஊர்ல பாதிப் பேருக்குப் புல்லு வெட்டிக் குடுக்குற, பீர் வாங்கித் தர மாட்டியா?"

எப்போதும் இந்த இடத்தில் கிளைவுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். எல்லாக் கணவர்களுக்கும் இருக்கும். 'எனக்கு ஆசைதான், லொரெய்ன் முறைக்கிறா பாருங்க' என்றால் கூட்டம் சிரித்து விட்டுவிடும். கிளைவ் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அதில் அவருடைய தொப்பிதான் இருந்தது.

"லொரெய்ன்தான் ஊர்லயே இல்லையே. இன்னும் என்னய்யா பயம்?" என்றான் ராய்ஸ்டன்.

கார்ன்பிரிட்ஜில் கொலை செய்தவனைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவார்கள். ரவுண்டிலிருந்து நழுவியவனை மன்னிக்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் முறை வந்தபோது மூக்கைச் சிந்தப் போன சிட்னி இன்றைக்கும் 'குட்டைக்கை சிட்னி'தான். அவன் மகன் பெயரே 'குட்டைக்கை மகன்'. அதுவும் கையை நம்பி நிற்கும் நாளில் கிளைவ் இந்தப் பெயரை வாங்க முடியுமா? வாங்குகிறவன்தான் சுமந்து வர வேண்டும் என்பதும் சட்டம். கிளைவ் இறங்கினார்.

"சீக்கிரம் பாலீன். நாலு மணிக்கு ஓட்டு."

"ஊத்துறேன் கண்ணு. எல்லாருக்கும் கறுப்பு பீர்தான். லொரெய்ன் ஏற்கெனவே சொல்லி... இல்ல, எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும்."

கிளைவுக்குக் காது மேலே கெய்த்தின் விசிலில் இருந்தது. கவனிக்கவில்லை. கறுப்பு பீரை அரை கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மீதியை ஊற்ற வேண்டும். பாலீன் காத்திருந்தாள். கிளாஸைத் துடைத்தாள். நுரையை உற்றுப் பார்த்தாள். டார்ட்ஸ் விளையாட்டில் தானும் லொரெய்னும் ஜெயித்த கோப்பையைப் பற்றிச் சொன்னாள்.

"நுரை அடங்கிடுச்சு பாலீன்!"

"இன்னும் கொஞ்சம். பீருக்கும் மனசு இருக்கில்ல."

முதல் தட்டில் எட்டு கிளாஸ். மேலே போனார், கீழே வந்தார். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. பதினாறு படிகள். பதினோரு வாசலே தேவலை. நாலாவது தட்டோடு ஏழாவது படியில் நின்றபோது மேலே கெய்த்தின் விசில் ஒலித்தது.

"நில்லுங்க! நான் வந்துட்டேன்! என் கை!" என்று கிளைவ் அலறினார். கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் எட்டு கிளாஸும் படியில் உருளும். பீரைக் கொட்டியவனுக்கு என்ன பெயர் என்று அந்த ஊரில் இன்னும் யாரும் வைக்கவில்லை, ஏனென்றால் யாரும் கொட்டியதில்லை.

"வாசல், பதினெட்டு!" என்றது கெய்த்தின் குரல். "ஷூ, பதினெட்டு! சமம். தலைவர் ஓட்டு முடிவு செய்யும்."

கிளைவ் கதவை முட்டித் திறந்தார். கெய்த் பித்தளைத் தகட்டை உயர்த்திப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"பாட்டு நல்ல பாட்டுதான் கிளைவ். ஆனா 'பனிக்கோட்டையின் பதினோரு வாசல்' இதுல எங்கய்யா கொள்ளும்? ஷூ."

மாடி அதிர்ந்தது. யாரோ இசைத்தட்டைப் போட்டார்கள். முப்பத்தாறு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். மிசஸ் டன்டி இடுப்பெலும்பு மாற்றிய நாலாவது மாதத்தில் ஆடினாள். கிளைவ் தட்டோடு நின்றார். துக்கமாகத்தான் இருந்தது. நிஜமான துக்கம். ஆனால் வலது கால் அவரைக் கேட்காமல் தாளம் போட்டது. இரண்டாவது பல்லவிக்கு இடது காலும் சேர்ந்துகொண்டது. சூப் பாத்திரம் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது. கிளைவ் தட்டை வைத்துவிட்டு ராய்ஸ்டனைப் பிடித்து ஆடினார்.

ஆறரை மணிக்கு பஸ் வந்தது. லொரெய்னிடம் என்ன சொல்வது? தோற்ற கதையைச் சொன்னால் ஆயுசுக்கும் கேலி. கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம், பெஞ்ச் வரும்வரையாவது மானம் தப்பும் என்று கிளைவ் முடிவு செய்தார்.

லொரெய்ன் வெயிலில் சிவந்து, மணல் ஒட்டிய செருப்போடு இறங்கினாள்.

"கூட்டம் எப்படிக் கண்ணு?"

"கெய்த்துக்கு உடம்பு சரியில்ல. தள்ளி வச்சுட்டாங்க."

"அடப் பாவமே. இந்தா, உன் மிட்டாய்."

இளஞ்சிவப்புக் குச்சி. தப்பித்தோம் என்ற நிம்மதியில் கிளைவ் ஒரு கடி கடித்தார். புதினா நாக்கில் குளிர்ந்தது. கடித்த இடத்தைப் பார்த்தார். லாண்டட்னோ என்று இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் 'சனிக்கிழமை ஷூ' என்று இருந்தது. இன்னொரு கடி கடித்தார். அங்கேயும் ஷூ.

"லொரெய்ன், இதை மூணு வாரம் முன்னாடியே சொல்லி வைக்கணுமே?"

"ஆமா, சொல்லி வச்சேன்."

"ஆனா நான் உனக்கு டிக்கெட் குடுத்தே அஞ்சு நாள்தானே ஆச்சு!"

"நான் என்ன கண்ணு செய்யறது?" என்றாள் லொரெய்ன், அவர் கையிலிருந்து குச்சியை வாங்கித் தானும் ஒரு கடி கடித்து. "அந்த நோட்டீசை உன் டீக் கோப்பைக்கு அடியில தினமும் வச்சேன். உனக்கு யோசனை வர்றதுக்கு பதினாறு நாள் ஆயிடுச்சு."